அபராதக் காசில் ஹெலிகாப்டர் பறக்குமா?

கோரிப்பாளையம் சிக்னலில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் 1,000 ரூபாய். அதோடு இன்னொரு 50 ரூபாய் சேர்த்துப் பிடித்து, அந்தப் பணத்தில் மதுரைப் பக்கம் ஏர் ஆம்புலன்ஸ் விட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை நிஜமாகவே செய்து பார்த்த இடம் கலிஃபோர்னியா. மேரிலாந்தும் பிரிட்டனும் வேறு வழியில் போயின.

கலிஃபோர்னியாவில் 2010இல் சட்டம் போட்டு, 2011 முதல் பார்க்கிங் தவிர மற்றப் போக்குவரத்துக் குற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் 4 டாலர் கூடுதலாக வாங்கினார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பணம் ஏழை நோயாளிகளின் ஏர் ஆம்புலன்ஸ் செலவுக்குப் போனது. அங்கே ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் மாநிலம் ஒரு பங்கு போட்டால் மத்திய அரசும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். ஆக, அந்த 4 டாலர் வாஷிங்டனிலிருந்து இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு வந்தது. நம்மூர் ஏர் ஆம்புலன்ஸுக்கு அப்படிப் பங்கு போட ஆள் கிடையாது. 50 ரூபாய் வாங்கினால் 50 ரூபாய்தான்.

அடுத்த சிக்கல், ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறிய கூடுதல் கட்டணங்கள். அந்த மாநிலத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அடிப்படை அபராதம் 100 டாலர். எல்லாம் சேர்ந்து கட்டும்போது சுமார் 490 டாலர். மூன்றாவது, தண்டனைகளின் எண்ணிக்கை குறையக் குறைய நிதியும் வற்றியது. சட்டத்துக்கு வைத்த கெடுவையும் திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியிருந்தது.

மதுரையில் வசூல் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். கேமரா படம் பிடிக்கும், செல்லுக்கு இ-சலான் மெசேஜ் வரும், திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். வண்டியை விற்கும்போதோ எஃப்.சி.க்குப் போகும்போதோதான் அது ஞாபகத்துக்கு வரும். பைலட்டுக்கு மாசச் சம்பளம் அப்படிக் கொடுக்க முடியாது. இன்னொன்று, ஜனங்கள் ஒழுங்காக ஹெல்மெட் போட ஆரம்பித்தால் ஹெலிகாப்டருக்குக் காசில்லை என்று ஆகும். அப்புறம் மாசக் கடைசியில் ‘வசூல் வேட்டை’ என்று பேப்பரில் செய்தி வரத்தான் செய்யும்.

மேரிலாந்து வழி இதைவிட உறுதியானது. அங்கே வாகனப் பதிவோடு ஒரு தொகை வாங்குகிறார்கள். 2013இல் அது ஆண்டுக்கு 17 டாலர் ஆனது, பிறகு இன்னும் ஏறியது. தப்புச் செய்தவன், செய்யாதவன் என்று பார்ப்பதில்லை. வண்டி வைத்திருந்தால் கட்ட வேண்டும். மாநிலப் போலீஸ்தான் 1970 முதல் அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கு நோயாளிக்குப் பில் கிடையாது. இங்கே டூவீலருக்கும் காருக்கும் ஆயுள்வரி என்பதால் வருஷாவருஷம் வாங்க வழியில்லை. ஆனால் பதிவின்போதே சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒன்று வாங்குகிறார்களே, அதில் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

பிரிட்டனில் பெரும்பாலும் நன்கொடையும் லாட்டரியும்தான். மீனாட்சியம்மன் கோயில் உண்டியலுக்குப் போடுகிற ஜனம் ஹெலிகாப்டருக்கும் போடுமா? எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, பணம் வந்துவிட்டதென்றே வையுங்கள். ஹெலிகாப்டர் எங்கே பறக்கும்? திருமங்கலத்திலோ மேலூரிலோ விபத்து என்றால் நான்குவழிச் சாலையில் 108 வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். ஹெலிகாப்டர் கிளம்பி, இறங்க இடம் தேடி, ஆளை ஏற்றி, மறுபடி விமான நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து அவனியாபுரம் நெரிசலில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் 108 இரண்டு நடை அடித்துவிடும். சமவெளிக்கு 108தான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவையும் அரசு ஏற்கிறது. அந்தப் பாதையை இன்னும் பலப்படுத்துவதுதான் மலிவு.

மலை வேறு கதை. கொடைக்கானலிலிருந்து மதுரைக்குச் சாதாரண நாளிலேயே மூன்று மணி நேரம் ஆகும். மே மாத சீசனில் வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தாலும் ஒதுங்க இடமிருக்காது. தலையில் அடிபட்டவருக்கு அது ரொம்ப நீளமான நேரம். போடிமெட்டு, மேகமலை, குமுளிப் பக்கமும் இதே கதிதான். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயின்போது விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இருட்டில் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ராத்திரி முழுக்க உள்ளூர்க்காரர்கள்தான் தீக்காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இன்னொரு ஹெலிகாப்டர் வந்திருந்தாலும் அந்த இருட்டு அப்படியேதான் இருந்திருக்கும். லண்டன் ஏர் ஆம்புலன்ஸே ராத்திரியில் காரில்தான் டாக்டரை அனுப்புகிறது.

அதனால் என் கணக்கு இப்படி. அபராதக் காசு ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது. அதை ஒரே தடவைச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலிலும் போடியிலும் விளக்கு போட்ட ஹெலிபேட், தோப்பூர் எய்ம்ஸ் வளாகத்தில் ஒன்று, மலையடிவாரத்தில் கூடுதல் 108 வண்டிகள். மணிக்கு லட்சத்தைத் தாண்டும் பறக்கும் செலவு பதிவு வரியிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் தனி ஹெலிகாப்டராக மதுரைக்கு மட்டும் வேண்டாம்; தேனி, திண்டுக்கல், நீலகிரி என்று எல்லா மலை மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒன்று. கொடைக்கானல் மேகத்தில் அது எத்தனை நாள் இறங்க முடியும் என்று முதலில் ஒரு வருஷம் குறித்து வைத்துப் பார்த்துவிட்டு டெண்டர் விட்டால் போதும்.