சிஸ்டம்ஸ் இன்ஜினியரை உருவாக்க: சான்றிதழா, சுழற்சியா?

பல துறைகள் செய்யும் பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்து சரியாக வேலை செய்கிறதா என்று முழுசாகப் பார்ப்பவர்தான் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். அவரை எப்படி உருவாக்குவது? ஒவ்வொரு பட்ஜெட் சமயத்திலும் எங்கள் டீமில் இதே பேச்சுதான். கையில் இருக்கும் பயிற்சிப் பணத்தில் நிறைய பேரைச் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்பலாமா, இல்லை இரண்டு மூன்று பேரை ஒரு வருஷம் துறை துறையாகச் சுற்ற விடலாமா? காருக்கான மின்னணுப் பெட்டிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். என் ஓட்டு சுழற்சிக்குத்தான்.

சான்றிதழைக் குறைத்துச் சொல்லவில்லை. 'கேட்டபடி செய்தோமா' என்பது வெரிஃபிகேஷன், 'கேட்டதே சரியா' என்பது வேலிடேஷன். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிந்தாலே பாதி மீட்டிங் மிச்சம். அதை வகுப்பு சீக்கிரம் தந்துவிடும். ஆனால் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான இன்கோஸியின் (INCOSE) படிகளையே பாருங்கள். முதல் படியான ஏசெப்புக்கு (ASEP) அனுபவம் தேவையில்லை, தேர்வு எழுதினால் போதும். அடுத்த படியான சிசெப்புக்குக் (CSEP) குறைந்தது 5 வருஷ அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்துக்கு உடன் வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்லவும் வேண்டும். தேர்வு மட்டும் போதாது என்று சான்றிதழ் தருபவர்களே சொல்கிறார்கள்.

சுழற்சி என்ன தரும் என்பதை ஒரு ரெக்வயர்மென்ட் ரிவ்யூவில், அதாவது பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய வரிகளைச் சரிபார்க்கும் கூட்டத்தில், கண்ணால் பார்த்தேன். 'கதவு திறந்ததும் 200 மில்லிசெகண்டுக்குள் உள்விளக்கு எரிய வேண்டும்.' இலக்கணச் சுத்தமான வரி. எல்லோரும் தலையாட்டினோம். சுழற்சியில் நான்கு மாதம் டெஸ்ட் பெஞ்சில் (சோதனை மேஜையில்) இருந்துவிட்டு வந்த பெண் மட்டும் கேட்டார்: "எப்போதிலிருந்து சார் 200? கைப்பிடியை இழுத்ததிலிருந்தா, லாட்ச் சுவிட்ச் மாறினதிலிருந்தா?" சாஃப்ட்வேர் டீம் கதவுப் பூட்டில் இருக்கும் அந்தச் சுவிட்சிலிருந்து எண்ணியிருந்தது, டெஸ்ட் டீம் கைப்பிடியிலிருந்து. மின் சிக்னலை அளந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை (அளக்கும் முனையை) எங்கே வைப்பது என்று ஒருநாள் திண்டாடியவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததும் இப்படி இரண்டு டீமின் வேலை ஒன்றுசேரும் இடத்தில்தான். ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் எண் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக்கில்தான் தர வேண்டும் என்று இன்டர்ஃபேஸ் ஆவணம் (இரண்டு பக்கமும் என்ன, எப்படிப் பரிமாறுவது என்ற ஒப்பந்தம்) சொல்லியிருந்தது. ஏட்டில் தவறில்லை. இரண்டு பக்கத்தையும் தெரிந்து குறுக்கே நின்று கேட்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் அங்கே பலமாக இல்லை என்று விசாரணைக் குழுவும் எழுதியது.

மூத்தவர் ஒருவரிடம் ஒட்டிவிட்டுக் கற்கச் சொல்வது மூன்றாவது வழி. செலவில்லை, ஆனால் அவருடைய பழக்கங்களும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். சுழற்சியோடு சேர்த்தால் நல்லது, தனியாக வேண்டாம்.

சுழற்சியின் விலை பெரிது, மறைக்கவில்லை. நல்ல கையை இழக்க எந்த லீடுக்கும் மனசு வராது. அனுப்பிய இரண்டாவது வாரமே, "ரிலீஸ் இருக்கு, நாலு நாள் வந்துட்டுப் போ" என்று போன் வரும். அந்த நாலு நாள் நாற்பதாகும். அதனால் அவர் இடத்துக்கு மாற்று ஆள் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் மூன்று பேர் வேண்டாம், ஒருவரை அனுப்புங்கள். சுற்றி முடித்து வந்தபிறகு அவரைச் சான்றிதழுக்கு உட்கார வையுங்கள்.