மின்சாரக் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் எங்கே போவது? ஸ்கேனர், பாட்டரிக் கடை, சர்வீஸ் சென்டர்: ஓர் ஒப்பீடு

மின்சாரக் காரின் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, காரில் சொருகி, கைபேசியில் தானே எர்ரர் கோடை, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீட்டை, படித்துப் பார்க்கலாம். ஊர் ஜங்ஷனில் உள்ள பாட்டரிக் கடைக்காரரையோ ஆட்டோ எலக்ட்ரீஷியனையோ அழைக்கலாம். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டு போகலாம். இவற்றில் எது மலிவு, எது பக்கம் என்று பார்த்தே பெரும்பாலும் முடிவு எடுக்கப்படுகிறது. என் அனுபவத்தில், எரிகிற விளக்கு எது என்பதுதான் அந்த முடிவை எடுக்க வேண்டும். ஒரு விளக்குக்குச் சரியான வழி இன்னொன்றுக்கு ஆபத்தாகவே முடியும்.

விளக்கின் நிறத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சையும் நீலமும் தகவல் மட்டும். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் விரைவில் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சிவப்பையும் "வீடு வரை போய்ப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை மின்சாரக் காரில் முதல் நாளே கைவிட வேண்டும்.

பாட்டரிக் கடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றில் அதிகம் குறைத்து மதிக்கப்படுவது அதுதான். திங்கள்சந்தை அருகே மாமனார் வீட்டில் பத்து நாட்கள் நிறுத்தியிருந்த எங்கள் காரை ஒரு காலையில் திறந்தபோது, டாஷ்போர்டில் ஏ.பி.எஸ்., ஸ்டியரிங், பிரேக் விளக்குகள் ஒன்றாக எரிந்தன. அவற்றுக்கு நடுவே மின் அமைப்பில் கோளாறு என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரியும் வந்தது. வண்டி 'ரெடி' (ஓடத் தயார்) நிலைக்கு வரவே இல்லை. வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரி போய்விட்டது என்றே நம்பி, ரெக்கவரி வண்டிக்கு எண் தேடிக்கொண்டிருந்தேன். மாமனார் அழைத்து வந்த பாட்டரிக் கடைக்காரர் பானட்டைத் திறந்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் 12 வோல்ட் பாட்டரியில் வைத்தார். 11.2 காட்டியது. "அண்ணே, பெரிய பாட்டரிக்கு ஒண்ணும் ஆகல்ல, இந்தச் சின்னதுதான் போச்சு" என்றார். அரை மணி நேரத்தில் புதிய பாட்டரி பொருத்தப்பட்டது. ஒரு விளக்கைத் தவிர மற்றவை அணைந்தன. மிஞ்சிய ஸ்டியரிங் விளக்கும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியதும் அணைந்தது.

அவர் சொன்னது சரியாக இருந்ததற்குக் காரணம் மின்சாரக் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பாட்டரி எப்போதும் வண்டியோடு இணைந்திருப்பதில்லை. கான்டாக்டர் என்னும் பெரிய ரிலேக்கள் மூடினால்தான் அதன் மின்சாரம் வெளியே வரும். அந்த ரிலேக்களை இழுத்து மூடுவது சின்ன 12 வோல்ட் பாட்டரி. அது தளர்ந்தால், 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள பாட்டரி முழுச் சார்ஜில் இருந்தாலும் வண்டி எழாது. அத்தோடு, வண்டியில் உள்ள கணினிகள் தேவையான மின்னழுத்தம் கிடைக்காதபோது ஒன்றோடொன்று பேச முடியாமல், இல்லாத கோளாறுகளையும் பதிவு செய்கின்றன. ஆகவே பல நாள் நிறுத்திய வண்டியில் தொடர்பில்லாத பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பாட்டரியைத்தான். அதற்கு வேண்டிய கருவியும் கைப்பழக்கமும் கருங்கல்லிலும் குழித்துறையிலும் உள்ள சாதாரணக் கடைகளிலேயே இருக்கின்றன.

ஆனால் பாட்டரிக் கடையின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் அதே மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வண்டியை 'ரெடி' நிலைக்குக் கொண்டு வந்ததும் அது 13.5க்கு மேல் ஏற வேண்டும், ஏனெனில் பெரிய பாட்டரியிலிருந்து சின்ன பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டி.சி.–டி.சி. கன்வெர்ட்டர் அப்போது வேலை செய்யத் தொடங்கும். புதிய பாட்டரி போட்ட பிறகும் அந்த எண் 12லேயே நின்றால் பழுது கன்வெர்ட்டர் பக்கம் இருக்கக்கூடும். அதைத் திறப்பது கடைக்காரரின் வேலையில்லை, அவரை வற்புறுத்தவும் கூடாது. ஓடும்போதே சிவப்பு பாட்டரிச் சின்னம் எரிவதும் இந்த வகையில்தான் சேரும்: ஸ்டியரிங் உதவி, வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் 12 வோல்ட்டில் இயங்குவதால், அந்தச் சின்ன பாட்டரி தீர்வதற்குள் ஓரங்கட்டுவது அவசியம்.

ஸ்கேனரிடம் எனக்கு மரியாதையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாகவே கிடைக்கும் இந்தக் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எழுத்தும் எண்களுமாகக் கொடுக்கிறது. முதல் எழுத்து 'பி' (P) என்றால் வண்டியை ஓட்டும் அமைப்பு, 'சி' என்றால் பிரேக், ஸ்டியரிங் பகுதி, 'யூ' என்றால் கணினிகளுக்கிடையே உள்ள தொடர்பு. சர்வீஸ் சென்டரில் "ஏதோ விளக்கு எரிந்தது" என்று சொல்வதற்கும், கோடின் படத்தைக் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆயினும் மலிவான செயலிகள் பெரும்பாலும் பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்காக எழுதப்பட்டவை. மின்சாரக் காரின் பாட்டரி மேலாண்மைக் கணினியோடு அவற்றால் பல நேரங்களில் பேச முடிவதில்லை. பேச முடியாதபோது "கோளாறு எதுவும் இல்லை" என்று பச்சை எழுத்தில் காட்டிவிடுகின்றன. டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கைபேசி நலம் என்று சொன்னால், நம்ப வேண்டியது டாஷ்போர்டைத்தான். கருவியை நிரந்தரமாகச் சொருகி வைக்கவும் கூடாது. நிறுத்தியிருக்கும் வண்டியின் 12 வோல்ட் பாட்டரியை அதுவே உறிஞ்சி, புதிதாக ஒரு சிக்கலைக் கொண்டு வரும்.

ஸ்கேனரில் உள்ள 'எர்ரர் கோடை அழி' என்ற பொத்தான்தான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. குளச்சலில் உள்ள நண்பர் ஒருவருக்கு, விடாமல் பெய்த ஒரு வாரத்தில், வீட்டு வாசலில் சார்ஜ் ஏற்றி எடுத்த வண்டியில் உயர் மின்னழுத்த எச்சரிக்கை வந்தது. ஸ்கேனர் பி0ஏஏ6 (P0AA6) என்று காட்டியது. பெரிய பாட்டரியின் மின்சுற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் மின்காப்பு குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். அவர் அதை அழித்துவிட்டார். விளக்கு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மழையில் மீண்டும் வந்தது. கோளாறு பதிவான கணத்தில் இருந்த வெப்பநிலை, மின்னழுத்தம், வேகம் ஆகியவற்றையும் கணினி கோடோடு சேர்த்துச் சேமிக்கிறது. அழித்தால் அவையும் போய்விடுகின்றன. பார்க்க எந்தத் தடயமும் இல்லாததால் சர்வீஸ் சென்டர் வண்டியை ஒரு வாரம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் காரணம் சார்ஜிங் சாக்கெட்டுக்குள் இறங்கிய ஈரமும் உப்புப் படிவும் என்று தெரிந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், அதிலும் கடலோரத்தில், இது அரிதான காரணம் இல்லை. சார்ஜ் முடிந்ததும் மூடியை அழுத்தி மூடுவதும், கொட்டும் மழையில் சார்ஜிங் கன்னை (காரில் சொருகும் முனையை) வாய் திறந்தபடி கீழே போடாமல் இருப்பதும் செலவில்லாத காப்பு.

இந்த உயர் மின்னழுத்த விளக்குக்கு மட்டும் மூன்று வழிகளும் சமமாக நிற்க முடியாது. ஐ.நா.வின் 100ஆம் எண் வாகன விதி, நேர் மின்சுற்றுக்கு (டி.சி.) வோல்ட் ஒன்றுக்குக் குறைந்தது 100 ஓம் மின்காப்பு இருக்க வேண்டும் என்கிறது. 350 வோல்ட் பாட்டரிக்கு அது 35,000 ஓம். கடையில் உள்ள மல்டிமீட்டரால் இதை நம்பகமாகச் சோதிக்க முடியாது. உயர் மின்னழுத்தம் செலுத்திச் சோதிக்கும் தனிக் கருவியும், அதற்கான கையுறையும், பயிற்சியும் தேவை. பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் வயர்கள் அத்தனையும் இந்த மின்சுற்றைச் சேர்ந்தவை. சுவிட்சை அணைத்த பிறகும், பாட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் உள்ள கெப்பாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் தங்கியிருக்கும். முப்பது ஆண்டு வயரிங் செய்த கையாக இருந்தாலும், ஆரஞ்சு வயரைத் தொட விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெரிய பாட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை உத்தரவாதம் தருகின்றன. வெளியாள் திறந்த அடையாளம் இருந்தால் அந்த உத்தரவாதமே கேள்விக்குள்ளாகும்.

ஆமைச் சின்னம் தனி வகை. பாட்டரியில் சார்ஜ் மிகக் குறைந்தாலும், பாட்டரியோ மோட்டாரோ சூடேறினாலும், வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்வதை அது காட்டுகிறது. மே மாத வெயிலில் பேச்சிப்பாறைப் பக்கம் நான்கு பேரும் மூட்டைகளுமாக மேடேறும்போது வந்தால், நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள். சார்ஜ் இருந்தும், சூடு தணிந்தும் ஆமை போகவில்லை என்றால் கூலன்ட் பம்பையோ விசிறியையோ சந்தேகிக்கலாம். அப்போது சர்வீஸ் சென்டர். டயர் காற்று விளக்குக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, பக்கத்துப் பஞ்சர் கடையே போதும்.

சர்வீஸ் சென்டருக்கும் குறைகள் உண்டு. நாள் பிடிக்கும், 12 வோல்ட் பாட்டரிக்கும் கடையைவிட அதிகம் வாங்குவார்கள், மலையோரக் கிராமங்களிலிருந்து போய்வரவே ஒரு பகல் செலவாகும். களியக்காவிளைப் பக்கம் உள்ளவர்கள் நாகர்கோவிலை மட்டும் நினைக்காமல் திருவனந்தபுரத்திலும் விசாரிப்பது நல்லது. சிவப்பு விளக்கோடு நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்: சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும், அது இன்வெர்ட்டரைக் கெடுக்கக்கூடும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டு வண்டி வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊர்களில் இரு பக்கமும் மதில் கட்டிய பல இடவழிகளுக்குள் அந்த வண்டி நுழையாது. ஆகவே விளக்கு எரியும்போது அசைக்கும் அளவுக்கு வண்டி இயங்கி, எச்சரிக்கையும் மஞ்சளாகவே இருந்தால், வீட்டு வாசலுக்குக் கொண்டு போகாமல் மெயின் ரோட்டோரம் அகலமான இடத்தில் நிறுத்தி, டாஷ்போர்டைப் படம் எடுத்துக்கொண்டு அழையுங்கள்.