ஏஎம்ஹெச் எலைசா கிட் வாங்குவோர் கவனத்திற்கு: 42,000 ரூபாய் போனது

காரைக்குடியில் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். பெண்களின் கருமுட்டை இருப்பைக் கணிக்க உதவும் ஏஎம்ஹெச் ஹார்மோனை நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் எலைசா கிட் (பரிசோதனைக் கரைசல்கள் அடங்கிய பெட்டி) ஒன்றுக்காக, ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் 42,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டதால் முதலில் மறுத்துவிட்டேன். உடனே விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்து, "நானும் தேவகோட்டைக்காரன்தான் அக்கா, நம்ம ஊரு வெயில் எனக்குத் தெரியாதா? 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே உங்க கைக்கு வந்து சேரும்" என்று உறுதி கூறி, லாட் எண்ணுடன் (தயாரிப்புத் தொகுதியின் எண்) தரச் சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சொந்த ஊர்க்காரர் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே பணத்தை அனுப்பினேன்.

வந்த தெர்மகோல் பெட்டிக்குள் ஜெல் பைகள் வெதுவெதுவென்று கிடந்தன. பெட்டியில் ஒரு லாட் எண், ஹார்மோன் அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகளான ஸ்டாண்டர்டு குப்பிகளில் வேறொன்று. காலாவதித் தேதிச் சீட்டை நகத்தால் உரித்தால் அடியில் முடிந்துபோன தேதி. சோதனையில் நிறம் தரும், அதுவரை நிறமற்றிருக்க வேண்டிய டிஎம்பி கரைசல், பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நீலம் பாரித்திருந்தது. படம் எடுத்து அனுப்பியபோது, "சோதனையை ஓட்டிப் பாருங்கள், சரியாக வரும்" என்றார்கள். ஓட்டினேன். ஹார்மோன் அளவுக்கேற்ப நிறம் வேறுபட வேண்டிய இடத்தில், ஹார்மோனே இல்லாத பூஜ்ஜிய ஸ்டாண்டர்டும் உச்ச அளவு ஸ்டாண்டர்டும், வினையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல் விட்டதும் ஒரே அடர்மஞ்சளில் நின்றன. நிறத்தை அளக்கும் ரீடர் கருவியில் 450 நானோமீட்டர் ஒளியில் கிடைத்த எண்களைக் கொண்டு, ஹார்மோன் அளவைக் கணிக்க உதவும் வளைகோடு வரைய வழியே இல்லை. குழந்தைக்காக ஏங்கி மருத்துவரிடம் நடக்கும் பெண்ணின் கையில் இத்தகைய எண்ணைக் கொடுத்தால், அவளுடைய சிகிச்சையே தடம் மாறிவிடும் என்பதை இவர்கள் அறியாதவர்களா?

அதன்பின் உங்கள் ரீடரில்தான் கோளாறு என்றார்கள். பிறகு கூரியரைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில், பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்றார்கள். திறக்காமல் எப்படி ஓட்டிப் பார்ப்பது? இணையச் சந்தையோ, "தீர்வு காணப்பட்டது" என்று குறிப்பிட்டு என் புகாரை மூடிவிட்டது. தேவகோட்டைக்காரர் இப்போது அழைப்பை எடுப்பதேயில்லை. 42,000 ரூபாய் என்பது எங்களைப் போன்ற சிறிய நிலையத்திற்குச் சிறிய தொகை அன்று.

வாங்குவோர் முழுப் பணத்தையும் முன்னதாகச் செலுத்தாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதைக் கூரியர்காரர் முன்னிலையில் காணொளியாக எடுங்கள். லாட் எண்ணை ஒவ்வொரு குப்பியிலும் பாருங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்ட கிட்டை நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உடனே புகார் பதியுங்கள், நான் பதிந்துவிட்டேன்.