ஹஸார்டு ஸ்விட்சைப் பிரித்து நாலு வருஷம்: எது நின்றது, எது போனது

என்னிடம் இருப்பது 1970களில் வந்த ஒரு கார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் இடது, வலது இண்டிகேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஃபியூஸ் சரியாக இருந்தது, பல்புகளிலும் குறையில்லை. விளக்கை விட்டுவிட்டு மினுங்க வைக்கும் ஃப்ளாஷர் ரிலேயைப் புதிதாகப் போட்டேன், அசையவில்லை. கடுப்பில் டாஷ்போர்டில் இருந்த சிவப்பு ஹஸார்டு குமிழை (ஆபத்து நேரத்தில் நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுங்க வைக்கும் ஸ்விட்ச்) நாலு தடவை இழுத்து இழுத்து அழுத்தினேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது!

காரணம் வயரிங் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி பழைய வண்டிகளில் அன்றாட இண்டிகேட்டருக்கான கரண்டும் ஹஸார்டு ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. குமிழ் உள்ளே இருக்கும்போது சாவி போட்டால் வரும் இக்னிஷன் கரண்ட் அதைத் தாண்டி, ஃப்ளாஷருக்குள் கரண்ட் நுழையும் 49ஆம் முனைக்குப் போகும். வெளியே இழுத்தால் அது துண்டிக்கப்பட்டு, பேட்டரியிலிருந்து நேராக வரும் 30ஆம் முனை சேரும். ஃப்ளாஷரிலிருந்து கரண்ட் வெளியே வரும் 49a முனையோடு இடது வலது இரண்டு பக்கமும் இணையும். ஆக, தினமும் வேலை செய்ய வேண்டிய ஒரு காண்டாக்ட், வருஷத்துக்கு ஒரு தடவைகூட யாரும் தொடாத ஸ்விட்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?

முதலில் சோம்பேறி வைத்தியம். காண்டாக்ட் கிளீனரைக் குமிழ் ஓரமாகப் பீய்ச்சி அடித்தேன். ஆறு வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கிறதே தவிர வெளியே கொண்டுவருவதில்லை. இறுகிப்போன பழைய கிரீஸோடு கலந்து உள்ளேயே இன்னொரு இடத்தில் போய்ப் படிகிறது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இந்த வேலைக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஃப்ளாஷரைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் 49, 49a இரண்டையும் ஃபியூஸ் உள்ள ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் விளக்குகள் மினுங்காமல் நின்று எரியும், நிதானமாக அளக்கலாம். ஹஸார்டில் நாலு 21 வாட் பல்பு என்றால் 84 வாட், 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். என் ஸ்விட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையில் மட்டும் 1.4 வோல்ட் காணாமல் போயிருந்தது. கிட்டத்தட்ட 9 வாட் சூடு, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள். பிளக்கின் ஒரு மூலை பழுத்து உருகியிருந்ததற்கு அதுவே விளக்கம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்விட்சில் கை வைத்தேன், 30ஆம் முனையில் சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும். பிரித்ததும் ஒரு ஸ்பிரிங்கும் கடுகளவு பால்ரஸ் ஒன்றும் பறந்துபோய், சீட் தண்டவாளத்துக்கு அடியில் இருந்து அதை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரித்திருக்க வேண்டும். காண்டாக்ட்கள் கறுத்துப் போயிருந்தன. உப்புத்தாளைத் தொடவே இல்லை, அது மேல்பூச்சை உரித்துவிடும். பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டில் கழுவி, எலக்ட்ரிக்கல் கிரீஸை மெல்லிசாகத் தடவி மூடினேன். இழப்பு 0.1 வோல்ட்டுக்கு வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், பின்பக்க விளக்குகள் இன்னும் சோகையாக எரிந்தன. பிரேக் போட்டால் இண்டிகேட்டரும் லேசாக மினுங்கியது. இப்படி ஒரு விளக்கு இன்னொன்றோடு பேசினால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் (கரண்ட் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). பின்பக்க எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் துரு, அதன் மேல் பெயின்ட். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிப் புது வளையம் போட்டேன். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே இந்தப் பல்புகளின் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும், அதனால் வித்தியாசம் பகலிலேயே தெரிந்தது.

முன்பு யாரோ வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்த இணைப்புகள் மூன்று இருந்தன. டேப் பிசினாக வழிந்திருந்தது. இரண்டை கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டேன், ஒன்றுக்கு ஈயம் வைத்தேன். ஈயம் வைத்ததுதான் மூன்றாம் வருஷம் முறிந்தது. ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துப்போன இடத்தின் விளிம்பில், அதிர்வு தாங்காமல், சரியாக அந்த இடத்தில்.

இடையில் ஒரு புது ஸ்விட்சும் வாங்கிப் பார்த்தேன். பார்க்க அசல் போலவே இருக்கும், ஆனால் இழுத்தால் 'டக்' என்ற அழுத்தம் இல்லை. எட்டே மாதம். பழசைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன்.

எல்இடி பல்பு ஆசையும் வந்து போனது. லோடு குறைந்ததும் பழைய ஃப்ளாஷர் தாளம் தப்பியது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போட்டால் இடது பக்கம் போட்டதும் வலதும் சேர்ந்து மினுங்கியது. டாஷ்போர்டில் இருக்கும் ஒற்றை இண்டிகேட்டர் பல்பு இடதுக்கும் வலதுக்கும் நடுவில் மாட்டப்பட்டது. அது எதிர்ப்பக்கப் பல்புகள் வழியாகத்தான் எர்த்தைத் தேடுகிறது. அந்தச் சின்னக் கரண்ட் சாதாரண பல்புக்குப் போதாது, எல்இடிக்குப் போதும். சரி போகட்டும் என்று பழைய பல்புகளுக்கே திரும்பிவிட்டேன். எலக்ட்ரானிக் ஃப்ளாஷரை மட்டும் வைத்துக்கொண்டேன், இரண்டு பல்பானாலும் நாலானாலும் ஒரே வேகத்தில் அடிக்கிறது.

இப்போது மாதம் ஒரு தடவை வண்டியைத் துடைக்கும்போது குமிழைப் பத்துத் தடவை இழுத்து அழுத்துவேன். போன வாரம் அளந்தபோது இழப்பு 0.2 வோல்ட். குமிழுக்குள் இருக்கும் குட்டி விளக்கு மட்டும் இன்றுவரை எரியவில்லை. அதற்காக அந்த பால்ரஸை மறுபடி தேடும் தைரியம் எனக்கு இல்லை.