எக்ஸ்ரே டெக்னீசியன் படிப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். 1,20,000 ரூபாய் போய்விட்டது. அதோடு என் தங்கச்சியின் இரண்டு வருஷமும் போய்விட்டது.

ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ பக்கம்தான் போவேன் என்று அவளே முடிவு செய்தாள். அரசு கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. ரேடியோகிராபி கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் ஒரு பாராமெடிக்கல் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து போன். புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை.

அம்மா, தங்கச்சி, நான் மூவரும் போனோம். அந்த இன்ஸ்டிட்யூட் ஆள் கொக்கியில் தொங்கிய, கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரனை எடுத்து, தங்கச்சியின் தோளில் மாட்டி, பின்னால் பட்டையை இழுத்துக் கட்டினார். "கனமா இருக்காம்மா? இனிமே இதான் உன் யூனிஃபார்ம்" என்றார். அப்புறம் ஒரு செஸ்ட் எக்ஸ்ரேயை வியூ பாக்ஸில் செருகி விலா எலும்பை எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, ரெண்டு வருஷ டிப்ளமா, கவர்ன்மென்ட் அப்ரூவ்டு. முடிச்ச கையோட வேலை, நான் பொறுப்பு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மாவின் வளையலை அடகு வைத்து இரண்டு தவணையாக 1,20,000 கட்டினோம். டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வெரிஃபிகேஷனுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் இருந்தது கரண்ட் கனெக்‌ஷனே இல்லாத ஒரு பழைய மெஷின். கேவிபி, எம்ஏஎஸ் என்று எக்ஸ்ரேயின் வீரியத்தையும் அளவையும் வைக்கும் செட்டிங் எல்லாம் ஜெராக்ஸ் நோட்ஸில் மனப்பாடம். மார்பு எக்ஸ்ரேக்கு மெஷினின் ட்யூபை ஏன் 180 செ.மீ. தள்ளி வைத்து எடுக்கிறோம், கிட்டே எடுத்தால் இதயம் ஏன் பெரிதாகத் தெரியும் என்பதை அவளாக யூடியூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

போஸ்டிங் என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பில் போடும் வேலை. நினைத்தால் எனக்கு உடம்பு பதறுவது வேறு விஷயத்துக்கு. குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ள இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதிர்வீச்சில் வேலை செய்கிறவருக்கு டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு டோஸ் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவளுக்கு அந்த பேட்ஜே கிடையாது. பதினெட்டு வயது முடியாதவரை இந்த வேலையில் வைக்கவே கூடாது. அப்போது இவளுக்குப் பதினேழு. குழந்தையைப் பிடிக்க வேண்டுமென்றால் பெற்றவருக்கு ஏப்ரன் மாட்டிப் பிடிக்கச் சொல்வதுதான் முறை. தினம் அங்கே நிற்கிற பெண்ணையா உள்ளே விடுவது?

படிப்பு முடிந்து ஒரு ஸ்கேன் சென்டருக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே இருந்த சீனியர் டெக்னாலஜிஸ்ட் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த யுனிவர்சிட்டியும் இல்லை. கவுன்சில் என்று பெயர் வைத்துக்கொண்ட ஏதோ ஒரு டிரஸ்ட் கொடுத்தது. "பாப்பா, ஆபரேட்டர் விவரத்தை நாங்க ஏ.இ.ஆர்.பி.யோட இ-லோரா தளத்துல ஏத்தணும். இந்தப் பேப்பரை ஏத்தினா எங்க லைசன்ஸுக்கே வினை" என்றார். ஏ.இ.ஆர்.பி. என்பது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எக்ஸ்ரே மெஷின் வைக்க அவர்கள் அனுமதி வேண்டும்.

அன்றிலிருந்து அலைச்சல்தான். "சார் மீட்டிங்ல இருக்காரு." "சார் சென்னை போயிருக்காரு." "அடுத்த வாரம் பேசலாம் சார்." ஒருவழியாக ஆளைப் பிடித்தால், "நான் அப்ரூவ்டுன்னுதான் சொன்னேன், யாரு அப்ரூவ் பண்ணினதுன்னு நீங்க கேட்டீங்களா?" என்று அம்மாவிடம், அவ்வளவு பேர் முன்னால். 1,20,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்றார். ரசீதைக் காட்டினேன். அதில் 'சேவைக் கட்டணம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரிஜினல் வேண்டுமென்றால் நோ டியூ ஃபார்ம் வாங்கி வரச் சொன்னார்கள். அந்த ஃபார்மைக் கொடுக்க வேண்டியவர் லீவாம்!

விவரமாக வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எஸ்சி. என்றால் மூன்று வருஷப் படிப்பு, அதன்மேல் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கல்லூரி இணைந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். டிப்ளமா என்றால் சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து வரும் என்று எழுதி வாங்குங்கள். ஓடுகிற மெஷினையும், மாணவர்களின் டி.எல்.டி. பேட்ஜையும் கண்ணால் பாருங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

எங்களைப் போல அங்கே பணம் கட்டியவர்கள் ரசீதோடு மாவட்டக் குற்றப்பிரிவுக்கு வாருங்கள். தனியாளாகப் போனால் விரட்டுகிறார்கள், சேர்ந்து போவோம்.