ஊசியா, விளக்கா? உடுக்கைக்கு எந்த மீட்டர்

கொங்குப் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது மைக்செட்டில் உட்காருகிறவருக்குச் சோதனை அதிகம். குரல் நீண்டு இழையும். உடுக்கை பட்டென்று எழுந்து அடங்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே மைக்கில்தான் வரும்.

ஒலியளவை ஊசியால் காட்டும் வியூ (VU) மீட்டர் 1939-இல் வந்தது. ஒலி வந்ததும் ஊசி தன் இடத்தை எட்ட ஏறக்குறைய 300 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நிதானம் குரலுக்கு நல்லது. காதுக்குப் படும் சத்தத்தை ஒட்டியே காட்டும். உடுக்கைக்கு அதை நம்பக் கூடாது. ஊசி கிளம்பி வருவதற்குள் அடி முடிந்துவிடும். ஊசி அமைதியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே பதிவில் ஒலி உடைந்திருக்கும். விளக்குப் பட்டையாக இருக்கும் எல்இடி பீக் மீட்டர் அந்த உச்சத்தைப் பிடித்துக் காட்டும். டிஜிட்டல் பதிவில் 0 டிபிக்கு (டெசிபல், ஒலியளவின் அலகு) மேல் இடமே இல்லை என்பதால், அடிகள் மைனஸ் 10 பக்கம் நிற்கும்படி கெயின் (மைக் ஒலியைக் கூட்டும் அளவு) வைப்பது என் வழக்கம்.

கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் சங்கதியே வேறு. அது சத்தத்தைக் காட்டாது, கம்ப்ரசர் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும். திரெஷோல்ட் (அமுக்கத் தொடங்கும் அளவு) மைனஸ் 18, ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, வரும் உச்சம் மைனஸ் 10 என்று வையுங்கள். திரெஷோல்டுக்கு மேலிருக்கும் 8 டிபி, 2 ஆகச் சுருங்கும். அட்டாக் (உச்சம் வந்ததும் அமுக்கம் பிடிக்கும் வேகம்) போதிய வேகத்தில் இருந்தால் மீட்டர் 6 டிபி காட்ட வேண்டும். இங்கேயும் ஊசி பின்தங்கிக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து, 'அமுக்கவே இல்லையே' என்று திரெஷோல்டை இன்னும் இறக்கினால் உடுக்கையின் கூர்மை போய்விடும். எனவே இங்கேயும் எனக்கு விளக்குப் பட்டைதான்.

எத்தனை டிபி என்பதைவிட, அடிக்கும் அடிக்கும் நடுவே அந்த மீட்டர் 0-வுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் ரிலீஸ் (அமுக்கத்தை விடும் நேரம்) நீளம். அடிக்குப் பின் வரும் சொல்லும் சேர்ந்து அமுங்கும். கதைப்பாட்டில் சொல் போனால் எல்லாம் போச்சு.

அப்புறம் மேக்கப் கெயின், அதாவது அமுக்கியதில் குறைந்த சத்தத்தை ஈடுகட்டக் கூட்டுவது. கம்ப்ரசரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது மட்டும் வியூவுக்குத் திரும்புங்கள். ஊசி இரண்டு முறையும் ஒரே இடத்தில் ஆடும்படி வைத்துக் கேளுங்கள்; இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். சிறிய மிக்சர்களில் கம்ப்ரசருக்கு ஒற்றை விளக்கு மட்டும் இருப்பதுண்டு. அது வேலை நடக்கிறது என்று மட்டுமே சொல்லும். அளவைக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.