பத்து லட்சத்துக்குப் புது வென்யூவா, பழைய கிரெட்டாவா?

தமிழ்நாட்டில் பத்து, பதினொரு லட்சம் ரூபாயோடு எஸ்.யூ.வி. வாங்கக் கிளம்பினால் இரண்டு வழிதான். ஒன்று, நான்கு மீட்டருக்குள் அடங்கும் புது வண்டி: வென்யூ, சோனெட், நெக்ஸான், பிரெஸ்ஸா. இன்னொன்று, அதே காசுக்கு ஒரு படி மேலே போய் மூன்று, நான்கு வயதான கிரெட்டாவோ செல்டாஸோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பழைய கிரெட்டா பக்கம் போனவன் நான். ஆகவே கீழே வருவதில் சாய்வு இருக்கும்.

இடவசதி, உயரம், ஓட்டும் சுகம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிரெட்டா 4.3 மீட்டர் நீளம், டிக்கி 433 லிட்டர், பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் முட்டாமல் உட்காரலாம். 1.5 பெட்ரோல் எஞ்சின் 115 குதிரைத்திறன் தருகிறது. வென்யூவின் 1.2 பெட்ரோல் தருவது 83. ஊருக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து பேர், மூட்டை முடிச்சு, ஏசி எல்லாவற்றோடும் ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது தெரியும். மைலேஜ் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை, அதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

புது வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் வண்டிக்கு, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள்ளும் டீசல் 1500 சி.சி.க்குள்ளும் இருந்தால், ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கெல்லாம் 40. வென்யூ, நெக்ஸான் விலை நன்றாக இறங்கியது இதனால்தான். பிரெஸ்ஸா நீளத்தில் சின்ன வண்டி, ஆனால் எஞ்சின் 1462 சி.சி. என்பதால் 40 சதவீதத்தில்தான் நிற்கிறது. பிரெஸ்ஸாவையும் வென்யூவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நம் ஊர் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைக்க வேண்டாம், மொத்த விலைக்கும் 18. ஷோரூம் விலை 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700. 10.2 லட்சம் என்றால் 1,83,600. சன்ரூஃபுக்காக வேரியன்ட்டில் முப்பதாயிரம் ஏறினால் கையிலிருந்து போவது ஏறக்குறைய 85,000. பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைத்துவிடும் என்பது ஆறுதல். ஆகவே புதுசு என்று முடிவானால் ஷோரூம் விலையைப் பத்துக்குள்ளேயே நிறுத்துங்கள்.

9 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1.17 லட்சம், முதல் வருட இன்ஷூரன்ஸ் தோராயமாக நாற்பதிலிருந்து ஐம்பதாயிரம். மொத்தம் 10.6 லட்சத்தை ஒட்டி வரும். இதில் வரியும் இன்ஷூரன்ஸும் விற்கும்போது யாரும் திருப்பித் தராத காசு. பழைய வண்டியில் இந்தச் சுமையை முதல் ஓனர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். முதல் மூன்று வருட விலைச் சரிவும் அவர் கணக்கில்தான்.

இதோடு கட்டுரையை முடித்து, பழையதே லாபம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் லாபமா நஷ்டமா என்பது வண்டியின் ஐந்தாவது வருடச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

நாற்பதாயிரம் கிலோமீட்டரிலிருந்து அறுபதாயிரத்துக்குள் தேயும் சாமான்கள் எல்லாம் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். டயர் முதலில். கிரெட்டாவின் மேல் வேரியன்ட்டுகளில் 215/60 ஆர்17 அளவு. ஒன்று ஒன்பதாயிரம் என்று வைத்தாலும் நான்குக்கு 36,000. பேட்டரி ஆறு, ஏழாயிரம். முன் பிரேக் பேடும் டிஸ்க் வேலையும் ஐந்து முதல் எட்டாயிரம். சஸ்பென்ஷனில் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் ஒன்பது, பத்தாயிரம். பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் ஐந்து, ஆறாயிரம். கிளட்ச் இல்லாமலே அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. டிராஃபிக்கில் ஓடிய வண்டி என்றால் கிளட்ச் செட்டும் கூலியும் சேர்த்து இன்னொரு பதினைந்து, இருபதாயிரம். இவையெல்லாம் தோராயம். கம்பெனி சர்வீஸில் கூடும், வெளி மெக்கானிக்கிடம் குறையும்.

இந்த எண்பதாயிரம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் பலர் வண்டியை விற்கக் கொண்டுவருகிறார்கள். டீலர் பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி நிறுத்துவார். டயரை மாற்ற மாட்டார். அதனால் ஒரே வருட மாடலில் இரண்டு கிரெட்டா இருந்து, ஒன்று 9.4 லட்சம், இன்னொன்று 9.8 லட்சம் என்றால், விலை குறைந்தது மலிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 9.8 லட்ச வண்டியில் போன வருடம் டயரும் பேட்டரியும் கிளட்சும் மாற்றிய பில் இருந்தால், உண்மையில் அதுதான் மலிவு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் இருபத்து மூன்றாவது வாரம் தயாரானது. ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள். நாலு சக்கரமும் வண்டி வருடத்துக்கே சொந்தமாக இருந்தால் 36,000 ரூபாய் பில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஐந்து வருட ரப்பர் மழை ரோட்டில் முன்போல் பிடிக்காது. கிளட்சுக்கு: மூன்றாவது கியரில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் எகிறி வண்டி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. சஸ்பென்ஷனுக்கு: கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீட் பிரேக்கரில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். 'டக்' என்று வரும் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது புஷ். ஆபத்தில்லை, ஆனால் விலையில் கழிக்க வேண்டியது. டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். 30,000 கி.மீ. என்று மீட்டர் காட்ட, விளிம்பு ஆழமாகவும் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கியும் இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்கு உறுதியான சாட்சி கம்பெனி சர்வீஸ் பதிவு. ஓனரையே கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால், சேசிஸ் எண்ணை வைத்து ஒவ்வொரு வருகையின் தேதியும் கி.மீ.யும் எடுத்துக் காட்டுவார்கள். ஓனர் அதற்குத் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

கிரெட்டாவிலும் எது என்பது முக்கியம். 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் தலைமுறையில் மூன்று எஞ்சின் உண்டு. என் ஓட்டு 1.5 சாதாரண பெட்ரோல், ஆறு கியர் மேனுவலுக்கு. டர்போ கிடையாது, செயின் டைமிங், கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதே எஞ்சினோடு வரும் ஐ.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) பரவாயில்லை. ஆனால் கியர் ஆயில் மாற்றியதற்கு ஆதாரம் கேளுங்கள். 2023 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் தயாரான ஐ.வி.டி. வண்டிகளை எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப் கன்ட்ரோலருக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்பதும் சர்வீஸ் பதிவிலேயே இருக்கும்.

1.4 டர்போ பெட்ரோல் ஏழு கியர் டி.சி.டி. எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோடு மட்டும் வந்தது. ஓட்ட ஜாலியான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் அது டிரை கிளட்ச், குளிர்விக்க ஆயில் இல்லாதது. ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருப்பதால் சூடாகும், தேயும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் நடுக்கம் தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அந்தக் கிளட்ச் பில் மேனுவல் கிளட்சைப் போலப் பல மடங்கு. டீசல் மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஹைவேயில் ஓடுபவர்களுக்கு அருமை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் என்றால் வேண்டாம். டி.பி.எஃப். எனும் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது, அடைத்துக்கொள்ளும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பது தனி அபாயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். சுத்தம் செய்து விற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் அந்த அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, சேற்றுக் கறை அங்கே கோடாக நிற்கும். முன்சீட்டின் தண்டவாள போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டரில் பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு: இதில் ஒன்று இருந்தாலும் விலை பேச வேண்டாம். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. செருகிப் பார்க்கையில் கோளாறு எதுவும் காட்டாமல், சுயபரிசோதனைகள் மட்டும் 'முடியவில்லை' என்று காட்டினால், வரும் வழியில் யாரோ கோளாறு பதிவுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

புதுசுக்குச் சாதகமாக மூன்று விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலாவது பாதுகாப்பு. இரண்டாம் தலைமுறை கிரெட்டா 2022 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம்தான் வாங்கியது, அன்றைய கீழ் வேரியன்ட்டுகளில் ஏர்பேக் இரண்டே. நெக்ஸான் ஐந்து நட்சத்திரம், இப்போது ஆறு ஏர்பேக். வீட்டில் சின்னப் பிள்ளைகள், வாராவாரம் இரவு ஹைவே பயணம் என்றால் நான் வாதாட மாட்டேன், புது நெக்ஸானை எடுங்கள்.

இரண்டாவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் அதற்கேற்ற பாகங்கள் உண்டு. 2021 வண்டியில் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், அது நிச்சயம். ரப்பர் குழாய், கேஸ்கட் எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இந்த எரிபொருள் இங்கே இன்னும் ஓடவில்லை. ஐந்து வருடத்தில் மாற்றுகிறவர் கவலைப்பட வேண்டாம், பத்து வருடம் வைத்திருப்பவர் யோசிக்கலாம்.

மூன்றாவது கடன். கையில் காசு இருப்பவருக்குத்தான் பழைய வண்டி இனிக்கும். எட்டு லட்சம், ஐந்து வருடம்: 9 சதவீதத்தில் தவணை சுமார் 16,600, பழைய வண்டிக்குக் கேட்கும் 12 சதவீதத்தில் சுமார் 17,800. முடிவில் வித்தியாசம் 71,000 ரூபாய். மேலே சொன்ன ஐந்தாவது வருடச் செலவுக்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டும் சேர்ந்தால் பழைய வண்டியின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். முழுக்கக் கடனில் வாங்குவோர் புது வென்யூவுக்குப் போவதே சரி.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். டெல்லியில் பத்து வருட டீசலுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து தெற்கே வருகிற வண்டிகள் அதிகம். என்.ஓ.சி. எனும் ஆட்சேபமின்மைச் சான்று வாங்கி, இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரியை மறுபடி கட்டி, எண் மாற்றி முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும். டி.என். எண்ணிலேயே தேடுங்கள்.

பேசி முடித்தபின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. ஓனர் கடனில் வாங்கியிருந்தால் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி.யும். எம்பரிவாகன் எனும் அரசு ஆப்பில் அபராத பாக்கி பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதுவரை மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும், ஆனால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) பழைய ஓனருடையது, அவரோடு போய்விடும். 50 சதவீதத் தள்ளுபடியில் ஓடிய பாலிசி என்றால் பெயர் மாற்றும்போது மீதி நாட்களுக்கு அந்தத் தள்ளுபடிப் பணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். அதையும் டயர் கணக்கோடு சேர்த்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விலையில் கழித்துப் பேசுங்கள்.